வாசல் நாற்காலி

முதலில் தராசுகளுக்கு நினைவு வந்தது. மீன் சந்தையில் எடை போட்டதையெல்லாம் அவை மறக்காமல் வைத்துக்கொண்டபோது வாங்குகிறவர்கள் மகிழ்ந்தார்கள். பிறகு ஆட்டோ மீட்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பள்ளிக்கூட மணி. தொழிற்சாலைகளில் அளவுகோல்களுக்கும் வந்தது. கடைசியில் பகடைகளுக்கு வந்தபோது அதை யாரும் ஒரு செய்தியாக மதிக்கவில்லை. விளையாட்டுச் சாமான்தானே என்று விட்டுவிட்டார்கள்.

சிங்காநல்லூரில் ஒரு மருந்துக் கடையின் மாடி அறையில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நான்கு பேர் கூடுவார்கள். பதினான்கு வருடமாக இது நடக்கிறது. விளையாட்டின் பெயர் 'எழுகடல் காவல்'. ஒருவர் கதையை நடத்துவார். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகக் கப்பலேறிப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், தீவு தீவாகப் போவார்கள். வாள் பாய்ந்ததா, புயல் தணிந்ததா, ஆள் பிழைத்தாரா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். எண் பெரிதாக விழுந்தால் நல்லது.

கதையை நடத்துகிறவரை விதிப்புத்தகம் 'நடத்துனர்' என்றது. அதனால் தண்டபாணியை மூவரும் கண்டக்டர் என்று கூப்பிட்டார்கள். ஐம்பத்தொன்பது வயது. இரும்பு வார்ப்பு ஆலை ஒன்றில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். பம்புக்குப் போகும் வார்ப்பில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பெயர். நினைவு வைத்த அளவுகோல்கள் ஐந்து வருடம் முன்புதான் அந்த ஆலைக்கு வந்தன; அதோடு அவர் தேவைப்படவில்லை.

மேசையில் அவர் தனக்கு முன்னால் மூன்று மடிப்பு அட்டை ஒன்றை நிறுத்திவைப்பார். கடல் பூதங்களுக்கும் விதிக்கும் உரிய பகடைகளை அதன் மறைவில்தான் உருட்டுவார். விழுந்த எண்ணை வாயால் சொல்வார். மேசை நடுவில் இருக்கும் வரைபடப் பலகை அதைக் கேட்டுப் பதிந்துகொள்ளும்.

அந்த ஞாயிறு விளையாட்டு இல்லை. விவாதம்.

"முப்பத்தொண்ணாந் தேதியோட பலகை அணைஞ்சிருங்கண்ணா. நாலாம் பதிப்புக்கு இனிமே சப்போர்ட் கிடையாதாம்" என்றான் ஜெரால்டு. நால்வரில் இளையவன், முப்பத்தாறு வயது, கணினிப் பழுது பார்ப்பவன். எட்டு வருடம் முன்பு சேர்ந்தவன். செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவியை மேசைமேல் வைத்திருந்தான். ஐந்தாம் பதிப்பு. ஒரு மாதம் இலவசமாகப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள்.

"அணைஞ்சா அணையட்டும். நோட்டுப்புஸ்தகம் இருக்குதில்ல" என்றார் கோகிலவாணி. மருந்துக் கடை அவருடையது. கப்பலின் கணக்குப்பிள்ளையும் அவர்தான். பதினொரு நீள நோட்டுகளில் எல்லாப் பயணத்தையும் எழுதி வைத்திருந்தார்.

"நூத்தி நாப்பத்தி மூணு தீவுங்கக்கா. நோட்டுல கடல் அசையுமா?"

"நீ சேர்றதுக்கு முன்னாடி, மொத ரெண்டு வருஷம் தாளுலதான் வெளையாண்டோம். கடல் அசைஞ்சுதுதான். ஒவ்வொரு பதிப்புக்கும் என்னத்தப் பண்ணுனாங்க சொல்லு? மொதல் பதிப்புல மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரு மந்திரம். அதை எப்பப் போடறதுன்னு நாம அடிச்சுக்குவோம். மூணாம் பதிப்புல கப்பல்ல இருக்கற பூனைகூட மந்திரம் போடுது. இதுல இன்னும் என்ன, கப்பலே வந்து நம்மள வெளையாடுமா?"

மெஹருன்னிசா சிரித்தார். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். கையில் மிக்சர் பொட்டலம். ஐம்பது வயதுக்காரர். பன்னிரண்டு வருடம் முன்பு மார்பில் வந்த புற்றுநோய், ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. அதையும் தாண்டி வந்தவர். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவமனை வார்டுக்குப் போய் நோயாளிகளோடு பேசுகிறார்.

"நீங்க என்னங்கக்கா சொல்றீங்க?" என்றான் ஜெரால்டு அவரிடம்.

"எனக்கு என்ன, அலர் நல்லா இருந்தாச் சரி." அலர் அவருடைய பாத்திரம். முத்துக்குளிக்கும் வில்லாளி.

"அலருக்குத்தான் இதுல பெரிய விஷயமே இருக்கு. கேளுங்க." ஜெரால்டு பெட்டியைத் தட்டினான். "நம்ம பகடை ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சில்லு இருக்கு, தெரியுமில்ல? மூணாம் பதிப்புலயே வெச்சுட்டாங்க. பகடை ஒரே பக்கமா விழாம சமமா விழுதான்னு கம்பெனி பாக்கறதுக்கு. இதுவரைக்கும் பலகைக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பலகை நாம வாயில சொல்றதத்தான் எழுதிக்கும். இப்ப அஞ்சாம் பதிப்பு என்ன பண்ணுதுன்னா, பகடைய இந்தத் தட்டுல போட்டா, இத்தன வருஷமா எந்தத் தேதியில எத்தன மணிக்கு என்ன விழுந்துச்சுன்னு படிச்சுருது. பலகையில இருக்கறதோட ஒத்துப் பாக்குது. தப்பா எழுதியிருந்தாத் திருத்திருது."

"திருத்திருதுன்னா?" என்றார் கோகிலவாணி.

"அந்த எடத்துல இருந்து கதைய மறுபடி ஓட்டும். நெசமா விழுந்த நம்பருக்கு என்ன நடந்திருக்குமோ அதுதான் நடந்ததுன்னு ஆக்கிரும்."

தண்டபாணி அட்டையின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். நீவுவதை நிறுத்தினார்.

"சேலத்துல ஒரு குரூப்பு, பதினெட்டு வருஷமா வெளையாடுறவங்க" என்றார் கோகிலவாணி. "திருத்துன மறுநாள்லேர்ந்து ஒருத்தரோட ஒருத்தர் பேச்சில்லையாம். போன வாரம் மருந்து ரெப்பு சொன்னாரு."

"ஏமாத்துனவங்களுக்கு அப்படித்தான் ஆகும். நம்ம கண்டக்டரு அந்த ஆளுங்களா? அர மில்லிமீட்டருக்கு ஆயிரம் பம்ப திருப்பி அனுப்புனவரு." ஜெரால்டு உற்சாகமாகத் திரும்பினான். "மெஹரக்கா, உங்க இருபதுக்கு இது சான்றிதழ் குடுக்கும். தேதி, நேரம், எல்லாம் போட்டு. பிரேம் பண்ணி வார்டுல மாட்டலாம்."

"வேண்டாம் ஜெரால்டு" என்றார் மெஹருன்னிசா.

"ஏங்க்கா? நீங்க சொல்ற கதைக்கு ஆதாரமில்ல?"

அந்தக் கதையை நால்வரும் அறிவார்கள். பதினோரு வருடம் முன்பு, ஆகஸ்ட் மாதம், அலர் சுழலில் மாட்டிக்கொண்டாள். பதினெட்டுக்குக் கீழே எது விழுந்தாலும் சாவு. தண்டபாணி அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டி, "இருபது" என்றார். அலர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தாள்.

நோய் திரும்பி வந்ததை மெஹருன்னிசா அப்போது யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாம் முறை மருந்து வேண்டாமென்று முடிவு செய்திருந்ததையும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த வருடம் மருத்துவமனைக் கூட்டமொன்றில் ஒலிவாங்கி முன்னால் நின்று சொன்னார்: "அன்னைக்கு மனசுக்குள்ள ஒரு பந்தயம் கட்டினேன். அலர் பிழைச்சா நானும் மருந்து எடுத்துக்கறதுன்னு. இருபது விழுந்துச்சு." அரங்கம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தண்டபாணிக்குக் கை எழவில்லை.

அன்று பகடையில் விழுந்தது நான்கு.

அவர் சாதாரணமாகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் அன்று சரியில்லை. ஒரு பாத்திரம் செத்து இன்னும் கெடவேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். அதன்மேல் ஒருத்தி தன் உயிரை வைத்திருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? மருந்து பலிக்காமல் போயிருந்தால், பட்ட வேதனை முழுவதும் தன் வாயிலிருந்து வந்த ஒரு எண்ணுக்காகப் பட்டதாக இருந்திருக்கும். பத்து வருடமாக இதை அவர் தனியாகச் சுமந்தார். ஒவ்வொரு செவ்வாயும் யாரோ ஒரு நோயாளியிடம் அந்த இருபது சொல்லப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

"பேசிட்டே இருந்தா எப்படி, படிக்கட்டும். திருத்தறதா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்." யாரும் தடுப்பதற்குள் ஜெரால்டு எல்லாப் பகடைகளையும் அள்ளித் தட்டில் போட்டான். பெட்டியின் நெற்றியில் பச்சைக் கோடு ஒன்று தோன்றி மெல்ல நீண்டது. பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியது.

தண்டபாணி அந்தக் கோட்டையே பார்த்தார். மின்செருகியைப் பிடுங்கிவிடலாம். மின்சாரம் போனதாகச் சொல்லலாம். ஆனால் மின்சாரம் வந்ததும் ஜெரால்டு மறுபடி போடுவான். ஆலையில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்: தன் கையை மீறிக் கெட்ட வார்ப்பு ஒன்று போய்விட்டால், வாங்கியவன் கண்டுபிடிக்கும் முன்பே தானே போய்ச் சொல்லிவிடுவார்.

"மெஹரு" என்றார். "அன்னைக்கு இருபது விழலம்மா."

பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

"நாலு விழுந்துச்சு. நாந்தான் இருபதுன்னு சொன்னேன். நீ மனசுல என்ன வெச்சிருந்தீனு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா…" தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியவில்லை. "பெட்டி சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு பட்டுச்சு. என்ன வேணா திட்டு."

கோகிலவாணி மெஹருன்னிசாவைப் பார்த்தார். மெஹருன்னிசா மிக்சர் பொட்டலத்தை நிதானமாக மடித்து, ரப்பர் பேண்டு போட்டு, மேசையில் வைத்தார்.

"கோகிலாக்கா, சொல்லிடலாமா?"

"இனி எதுக்கு மறைச்சுட்டு. சொல்லு."

"அண்ணா, அந்த பீரோவ ஒரு தடவ பாருங்க."

தண்டபாணிக்கு இடப்பக்கம், முதுகுக்குச் சற்றுப் பின்னால் அந்த இரும்பு பீரோ நின்றது. பழைய பில் கட்டுகள் வைப்பது. முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த அதன் கதவு சரியாக மூடாது. கீல் தேய்ந்து, எப்போதும் ஒரு சாண் திறந்தே நிற்கும். ஒழுங்கில்லாத எதையும் பொறுக்க முடியாத தண்டபாணி மூன்று முறை புதுக் கீல் வாங்கி வந்திருக்கிறார். மூன்று முறையும் கோகிலவாணி, "இருக்கட்டுங்ணா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

"இப்ப வந்து என் நாற்காலில உக்காருங்க."

அவர் எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், மெஹருன்னிசாவின் இடத்தில் உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார். பீரோக் கண்ணாடிக்குள் மூன்று மடிப்பு அட்டையின் உட்புறம் முழுவதும் தெரிந்தது. அவர் பகடை உருட்டும் பச்சைத் துணி. பக்கத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு. துணியில் இருந்த கறைகூட.

"எல்லாமே தெரியுமா?"

"நம்பரு திருப்பித் தெரியும். படிக்கப் பழகிட்டோம்" என்றார் கோகிலவாணி.

"எத்தன வருஷமா?"

"பீரோ வந்ததுலேர்ந்து. பதிமூணு இருக்குமுங்க."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்று கத்தினான் ஜெரால்டு. அவன் இடம் பீரோவுக்கு முதுகு காட்டிய இடம்.

"நீ சும்மா இருப்பியா? அதான்."

தண்டபாணிக்கு இன்னொன்று புலப்படத் தொடங்கியது. இந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பாத்திரம் சாகப்போகிறதோ, அவர் எழுந்து போய் வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். உயிர் போவதானால் சிரமமில்லாமல் வெளியே போகட்டும் என்று கோகிலவாணி வேடிக்கையாக ஆரம்பித்தது. அது வேடிக்கை என்றே அவர் நினைத்திருந்தார். இப்போது எழுந்து போய் அந்த நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து கண்ணாடியில் தெரிந்தது படிக்கட்டின் கைப்பிடி மட்டும்.

"தன் சாவ தானே பாக்கக் கூடாதில்லிங்களா" என்றார் கோகிலவாணி. "பாத்தா அப்புறம் உங்க வாயில வர்றத எப்படி நம்பறது?"

"அப்ப மெஹரு பாக்கல. அன்னைக்கு இந்த நாற்காலியிலதான இருந்தா."

"பாக்கலதான்" என்றார் மெஹருன்னிசா. "ஆனா அதே வருஷம் ஜூன் மாசம் கோகிலாக்கா அந்த நாற்காலியில உக்காந்திருந்தாங்க. நான் என் எடத்துல. ஏழு விழுந்துச்சு. பத்தொம்பதுன்னீங்க. கோகிலாக்காவுக்காகப் பொய் சொன்னவரு எனக்காகச் சொல்ல மாட்டாரா? ஆகஸ்டுல நீங்க உருட்டினதும் நான் உங்களப் பாக்கல, அக்கா மூஞ்சியப் பாத்தேன். அவங்க சட்டுனு ஃபேன அண்ணாந்து பாத்தாங்க. அப்பவே புரிஞ்சு போச்சு."

"அப்புறம் எதுக்கும்மா மருந்து எடுத்துக்கிட்ட? பந்தயத்துல தோத்துட்டியே."

"தோத்துட்டேன்தான்." மெஹருன்னிசா மிக்சர் பொட்டலத்தைத் தள்ளி வைத்தார். "வீட்டுல எல்லாரும் நான் உசுரோட இருக்கணும்னு அழுதாங்கண்ணா. அழுகை எனக்குச் சலிச்சுப் போச்சு. நீங்க விஷயமே தெரியாம, முப்பது வருஷம் ஒரு நூலளவு பொய் சொல்லாத மனுஷன், எனக்காக ஒரு பொய் சொல்றீங்க. அதுவும் கஞ்சத்தனமா பதினெட்டுன்னு சொல்லாம, முழுசா இருபதுன்னு. பஸ்ஸுல வீட்டுக்குப் போறப்ப எனக்கு ஒரே சிரிப்பு. அடுத்த நாள் போய் மருந்து ஏத்திக்கிட்டேன். வார்டுல இதையெல்லாம் வெளக்க முடியுமா? இருபது விழுந்துச்சுன்னே சொல்லிட்டேன். நீங்க ஒரு தடவதான் சொன்னீங்க. நான் பத்து வருஷமா வாராவாரம் சொல்றேன்."

தண்டபாணி வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினார்; இல்லை. கோகிலவாணி மேசைத் துடைப்புத் துணியை எடுத்து அவர் பக்கம் வீசினார். "அதுல எண்ண இருக்கும், பாத்துங்க" என்றார்.

பெட்டி மணியடித்தது. ஜெரால்டு குனிந்து படித்தான்.

"அறுபத்தி மூணு எடத்துல மாத்தம் இருக்குதாம்."

"அறுபத்தி மூணா?" தண்டபாணி துணியைக் கீழே இறக்கினார். "இருக்காது தம்பி. எனக்கு ஒவ்வொண்ணும் ஞாபகமிருக்கு. ஒம்பது தடவ."

"கண்டக்டரோட பகடையில ஒம்பதுதான்…" ஜெரால்டு இன்னும் கீழே தள்ளிப் பார்த்தான். அவன் குரல் இறங்கியது. "மத்ததெல்லாம் எங்க பகடைங்கண்ணா."

இப்போது மூவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

அட்டை இரண்டு பக்கமும் மறைக்கும். அவருடைய பகடை அவர்களுக்குத் தெரியாதபடி நின்ற அதே அட்டை, மேசையில் அவர்கள் உருட்டியதையும் அவருக்குத் தெரியாமல் மறைத்தது. எண்ணை அவர்கள் சொல்வார்கள், அவர் நம்புவார். பரிசோதகர் பதினான்கு வருடமாக ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"கூட்டிச் சொல்லியிருக்கீங்களா? ஜெயிக்கறதுக்கா?"

"கொறச்சுங்ணா" என்றார் கோகிலவாணி.

ஜெரால்டு திரையை அவர் பக்கம் திருப்பினான். ஐம்பத்து நான்கு வரிகளில் இருபத்திரண்டு, அடுத்தடுத்த மூன்று மாதங்களின் ஞாயிறுகளைச் சேர்ந்தவை. ஐந்து வருடம் முன்பு. உப்பரசனோடு நடந்த போர்.

உப்பரசனை அவர் மறக்கவே முடியாது. ஆலையிலிருந்து அனுப்பிய பிறகு நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து விளையாட்டுக்காக உருவாக்கிய அரசன் அவன். அவனுக்குக் கோட்டை, படை, ஒரு செத்துப்போன தங்கை, உப்பிலேயே செய்த கப்பல். மனைவி கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் எழுதினார். அந்தப் போர் மூன்று ஞாயிறு நடந்தது. அதற்குப் பிறகுதான் அவர் வேறு வேலை தேடினார்.

முதல் வரியில் இருந்தது: ஜெரால்டு. விழுந்தது இருபது. சொன்னது மூன்று.

"உப்பரசன் முதல் வீச்சுலயே போய்ச் சேந்துட்டானுங்கண்ணா" என்றான் ஜெரால்டு, தலையைச் சொறிந்துகொண்டு. "நீங்க அப்பத்தான் அட்டையை நிறுத்தி, 'அவனது பெயரைக் கேட்டால் அலைகள் நிற்கும்'னு ஆரம்பிச்சீங்க. நான் உருட்டுனா இருபது. அக்கா ரெண்டு பேரும் மேசைக்கு அடியில என் காலை மிதிச்சாங்க. எனக்கு வேற வழி? கொறச்சுச் சொன்னதெல்லாம் ஏமாத்துல சேரும்னு எனக்குத் தோணவே இல்ல."

"அப்புறம் ரெண்டு ஞாயிறும்?"

"மாசா மாசம் செத்துட்டே இருந்தாருங்க உங்க ராஜா" என்றார் கோகிலவாணி. "நாங்க தூக்கித் தூக்கி நிறுத்துனோம்."

தண்டபாணி முதலில் சிரிக்கவில்லை. பிறகு தொடங்கியது. வாசல் நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார். எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்து, அது எரிந்து, மறுபடி சிரித்தார். நெஞ்சில் பத்து வருடமாக இருந்த ஏதோ ஒன்று அந்த இடத்தில் இல்லை என்பதை மூச்சு இழுத்தபோது உணர்ந்தார்.

பெட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது: திருத்தவா?

"திருத்துனா என்ன ஆகும்னு காட்டுதா?" என்றார் மெஹருன்னிசா.

ஜெரால்டு முன்னோட்டத்தைப் பார்த்தான். "கோகிலாக்கா மூணு தடவ செத்தாச்சு. அலர் சுழல்லயே போயாச்சு. கப்பலே இல்லாததால நான் அதுல ஏறவே இல்ல. உப்பரசன் யாருன்னே தெரியாது." நிமிர்ந்தான். "எல்லாம் சரியா இருக்குங்கண்ணா. வெறும் கடல் மட்டும் அசையுது."

"நீ என்னப்பா சொல்ற? நீதான வேணும்னு நின்ன" என்றார் தண்டபாணி.

ஜெரால்டு பெட்டியை அணைத்தான்.

முப்பத்தொன்றாம் தேதி பலகையும் அணைந்தது. நூற்று நாற்பத்து மூன்று தீவுகள் போயின. அது இழப்புத்தான், ஜெரால்டு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அடுத்த இரண்டாம் ஞாயிறு கோகிலவாணி பதினொரு நோட்டுகளையும் அடுக்கி, ஒரு வெள்ளைச் சார்ட்டில் கடலை வரையத் தொடங்கினார். தண்டபாணி தெரிந்தவர் பட்டறையில் கடைந்தெடுத்த அலுமினியப் பகடை ஒன்றைக் கொண்டுவந்தார். இருபது பக்கம். எல்லாப் பக்கமும் அளந்து பார்த்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

உட்காரும் முன் அவர் பீரோ அருகே போனார். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தக் கண்ணாடிக் கதவைப் பிடித்து, இன்னும் இரண்டு விரற்கடை அகலமாகத் திறந்துவைத்தார்.

அன்று நாலரை மணிக்கு ஜெரால்டின் திருடன் பாய்மரத்தின் உச்சியிலிருந்து தவறி விழுந்தான். பிழைக்கக் குறைந்தது பதினேழு விழவேண்டும். யாரும் சொல்லாமலே ஜெரால்டு எழுந்து போய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

தண்டபாணி உருட்டினார். பகடை பச்சைத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"பதினெட்டு" என்றார்.

"ரொம்ப நன்றிங்கண்ணா" என்று ஜெரால்டு எழுந்து கும்பிட்டான்.

"டேய், நெசமாவே பதினெட்டு. அக்காங்களக் கேளு, பாத்துட்டுத்தான இருந்தாங்க."

கோகிலவாணியும் மெஹருன்னிசாவும் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்தே வரலையே" என்றார் கோகிலவாணி.